கடலோர ஈரக்காற்றில் நாட்டு விதைகளை 4, 5 வருஷம் காப்பாற்றுவது எப்படி?

மாடிக்கொடி:

வணக்கம். இடம் சென்னை, கடற்கரைக்குப் பக்கம். மாடியில் இருப்பது எல்லாமே நாட்டு ரகம்: தக்காளி, வரிக்கத்தரி, குண்டு மிளகாய், வெண்டை, சுரையில் 2 ரகம், பீர்க்கு, அவரை, தட்டைப்பயறு. தொட்டிகள் குறைவு என்பதால் எல்லா ரகத்தையும் எல்லா வருஷமும் போட முடியாது. ஒரு ரகத்தை ஒருமுறை விதைக்கு விட்டால், அந்த விதை 4, 5 வருஷம் தாங்கினால்தான் சுழற்சி சரியாக வரும்.

இப்போதைய ஏற்பாடு: நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காகிதக் கவரில் மடித்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில். தக்காளி பரவாயில்லை. மிளகாய் இரண்டாம் வருஷமே பத்துக்கு மூன்றுதான் முளைக்கிறது. கத்தரி பாதிக்குப் பாதி. வெளியே வைத்திருந்த தட்டைப்பயறு டப்பா இறுக்க மூடியே இருந்தும் உள்ளே வண்டு, பயறெல்லாம் துளை.

கேட்க வந்தது: ஈரமானி இல்லாமல் விதை போதுமான அளவு காய்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? சிலிக்கா ஜெல் எவ்வளவு போட வேண்டும்? ஃபிரிட்ஜா, ஃப்ரீசரா? மூடிய டப்பாவுக்குள் வண்டு எப்படி வந்தது?

விதைநுட்பம்:

குறை ஃபிரிட்ஜில் இல்லை, அதற்கு முந்தின கட்டத்தில் இருக்கிறது. நிழலில் ஒரு வாரம் இல்லை, ஒரு மாசம் கிடந்தாலும் விதை சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்து அங்கேயே நின்றுவிடும். அதற்குமேல் காயாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் தட்டைப்பயறு மாதிரி மாவுச்சத்து விதை 14 சதவீத ஈரத்தில் நிற்கும். எண்ணெய்ச்சத்து உள்ள மிளகாய், கத்தரி, சுரை விதைகள் 10, 11 சதவீதத்தில் நிற்கும். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும்.

விதைச் சான்றளிப்புத் தரத்தில் உச்ச ஈரப்பதத்துக்கு இரண்டு எண் கொடுத்திருப்பார்கள். சாதாரணப் பையில் வைக்க தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு 8 சதவீதம், வெண்டைக்கு 10, சுரை, பீர்க்கு மாதிரி கொடிவகைக்கு 7, பயறுக்கு 9. அதே விதையைக் காற்றுப்புகாமல் அடைத்தால் முறையே 6, 8, 6, 8. அடைத்து வைப்பதற்குத்தான் கூடுதல் காய்ச்சல் வேண்டும். ஈரம் உள்ள விதை மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும்; அந்த ஈரமும் சூடும் டப்பாவுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அரைகுறையாகக் காய்ந்த விதையை இறுக்கி மூடுவதைவிட துணிப்பையில் தொங்கவிடுவதே மேல்.

ஹாரிங்டன் விதி என்று விதைத் துறையில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஈரம் 1 சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிக்கும்; வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிக்கும். 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுபோக ஃபிரிட்ஜ் 5 முறை இரட்டிக்கிறது. 11 சதவீத ஈரத்தை 6 ஆக்கினால் கரண்டு செலவில்லாமல் அதே 5 இரட்டிப்பு. இந்தக் கணக்கு 14 முதல் 5 சதவீதம் வரைதான் ஓடும். 5க்குக் கீழே இறக்கி லாபமில்லை.

ஈரமானி வேண்டாம். கடிகாரம் மாதிரி இருக்கும் சின்ன டிஜிட்டல் ஈரப்பதக் காட்டி போதும், சில நூறு ரூபாய்தான். கண்ணாடி பாட்டிலில் முக்கால் பங்கு விதையைப் போட்டு, மேலே அந்தக் காட்டியை வைத்து மூடி, வெயில் படாத இடத்தில் ஒரு நாள் முழுக்க விடுங்கள். அது காட்டுவது விதையைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம். 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் எண்ணெய் விதை 5, 6 சதவீதத்திலும் பயறு 8 சதவீதத்தை ஒட்டியும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 50 காட்டினால் இன்னும் உலர்த்த வேண்டும். 65ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், அப்படியே வைக்கவே கூடாது. விதை கொஞ்சம்தான் என்றால் பாட்டிலையும் சின்னதாக எடுங்கள். பெரிய பாட்டிலில் ஒரு ஸ்பூன் விதை போட்டால் காட்டி விதையைச் சொல்லாது, பாட்டில் காற்றைச் சொல்லும்.

மலிவான காட்டிகள் 5 சதவீதம்வரை பொய் சொல்லும். கல்லுப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் குழைத்து, அதையும் காட்டியையும் ஒரு டப்பாவில் மூடி ஒரு நாள் விட்டால் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் காட்டிக்கு 4 கூட்டிக்கொள்ளுங்கள்.

சிலிக்கா ஜெல்: உலர்த்துவதற்கு விதையின் எடைக்குச் சமமான எடை. ஏன் அவ்வளவு என்றால், 100 கிராம் விதையை 12 சதவீதத்திலிருந்து 6க்கு இறக்க 6 கிராம் சொச்சம் தண்ணீர் வெளியே வர வேண்டும். ஜெல் நல்ல நிலையில் இருந்தால்தான் அதைச் சுலபமாக இழுக்கும். விதையை மெல்லிய துணியில் முடிந்து ஜெல்லுக்கு மேலே வையுங்கள், கலக்க வேண்டாம். கத்தரி, மிளகாய், தக்காளிக்கு ஒரு வாரம். சுரை, அவரைக்கு இரண்டு வாரம். பிறகு அந்த ஜெல்லை எடுத்துவிட்டு, விதை எடையில் பத்தில் ஒரு பங்கு புது ஜெல்லைக் காவலுக்குப் போட்டு மூடலாம்.

செருப்புப் பெட்டியில் வரும் சின்னப் பொட்டலங்களை நம்ப வேண்டாம். நம் கைக்கு வரும்போதே தண்ணீர் குடித்து முடித்திருக்கும். நிறம் மாறும் ஜெல்லில் நீலத்தைவிட ஆரஞ்சு வாங்குங்கள். நீலத்தில் கோபால்ட் உப்பு உண்டு, சமையலறைக்கு ஆகாது. ஆரஞ்சு பச்சையாக மாறினால் ஈரம் ஏறிவிட்டது. 110 டிகிரி ஓவனில் 2, 3 மணி நேரம் வைத்தால் நிறம் திரும்பும். அதிகச் சூடு காட்டினால் ஜெல் கருகும்.

ஜெல் கிடைக்காத ஊர்க்காரர்களுக்கு: அரிசியை அடிகனமான சட்டியில் மொறுமொறுவென வறுத்து, ஆறும்போதே காற்றுப்புகாமல் மூடி, முழுக்க ஆறியதும் பயன்படுத்தலாம். அரிசியின் உறிஞ்சும் சக்தி குறைவு, ஆகவே விதையைப்போல 3 மடங்கு போட்டு, 4 நாள் கழித்து ஒருமுறை மாற்ற வேண்டும்.

காய்ந்தபின் கண்ணாடி பாட்டில், மூடியில் ரப்பர் வளையம் உள்ளதாக. ஜிப் கவரும் சாதா பிளாஸ்டிக் டப்பாவும் மாசக்கணக்கில் ஈரத்தை உள்ளே விடும். ஃபிரிட்ஜுக்குள் காற்று ஈரமானது, காய்கறித் தட்டில் இன்னும் மோசம். காகிதக் கவர் அங்கே ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கும். உங்கள் மிளகாய்க்கு நடந்தது பெரும்பாலும் அதுதான்.

கொல்லைமேடு:

மாடிக்கொடி தம்பி, மேலே சொன்னது அத்தனையும் விதை கைக்கு வந்த பிறகு செய்வது. செடியிலிருந்து எடுக்கும்போதே விதை பாதி ஆயுளை இழந்திருந்தால் எந்த பாட்டிலும் மீட்டுத் தராது. பிஞ்சு விதை சீக்கிரம் சாகும்.

கத்தரிக்காய் நிறம் போய் மஞ்சளோ பழுப்போ ஆகி, தொட்டால் மெத்தென்று ஆன பிறகு பறிக்கணும். மேல்பாதியில் விதை இருக்காது, அதை வெட்டிவிட்டு அடிப்பாதியைப் பிசைந்து தண்ணீரில் கரைத்தால் நல்ல விதை அடியில் தங்கும். மிதப்பதெல்லாம் பதர். அன்றைக்கே பரப்பிவிடணும். ஈரமாகக் குவித்து வைத்தால் மழைக்காலத்தில் இரண்டு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அப்புறம் அது விதை இல்லை.

தக்காளிக்குப் புளிக்க வைப்பது கட்டாயம். விதையைச் சுற்றி இருக்கும் வழவழப்புத்தான் பழத்துக்குள்ளேயே முளைக்காமல் தடுப்பது. நன்றாகக் கனிந்த பழத்தைப் பிழிந்து கூழோடு கண்ணாடிப் பாத்திரத்தில் வை. தண்ணீர் ஊற்றாதே, ஊற்றினால் உள்ளேயே முளைக்கும். நாளுக்கு இரண்டு தரம் கலக்கு. கோடையில் 24 மணி நேரம் போதும், மார்கழியில் 48. மேலே வெள்ளைப் படலம் வந்து விதை வழவழப்பு விட்டு அடியில் இறங்கியதும் அலசிவிடு. அதற்குமேல் விட்டால் விதை கறுத்துப்போகும். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு வராது. பீங்கான் தட்டு, நைலான் வலை, முறம் நல்லது. மறுநாள் உள்ளங்கையில் தேய்த்து உதிர்த்துவிட்டு மறுபடி பரப்பு.

மிளகாய் செடியிலேயே முழுச்சிவப்பு ஆகணும். பழத்தில் கறுப்பு வளையம் வளையமாகப் புள்ளி இருந்தால் அது பழ அழுகல், விதை வழியாகப் போகும். அந்தப் பழத்தைத் தொடாதே. காய்ந்த வத்தலைத் துணிப்பையில் போட்டு மெதுவாகத் தட்டி விதையை உதிர்க்கலாம். முகத்தை மூடிக்கொள்.

வெண்டை பழுப்பாகி வரிவரியாய் விரிசல் காணும்போது. பீர்க்கும் சுரையும் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் விதை கலகலக்கணும். பூசணி, பரங்கியைப் பறித்து உடனே வெட்டாமல் 3, 4 வாரம் வீட்டில் உட்காரவிட்டு வெட்டினால் உள்ளே விதை இன்னும் திரளும். பாகல் பழுத்து வெடித்ததும் சிவப்புச் சதையை அடுப்புச் சாம்பலோடு தேய்த்துக் கழுவு.

வெயிலில் காயவைக்கலாமா என்றால், காலை 8லிருந்து 11 வரை, பிறகு 3 மணிக்கு மேல். உச்சி வெயிலில் மொட்டைமாடி சிமெண்டு தரையிலும் தகரத்திலும் போட்டால் விதை வெந்துபோகும். ஈர விதையாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

பதம் பார்க்க வீட்டு வழி: பயறைக் கடித்தால் பல் பதியக் கூடாது, சுத்தியலால் தட்டினால் நசுங்காமல் நொறுங்கணும். சுரை, பூசணி விதையை வளைத்தால் டக்கென்று ஒடியணும், மடியக் கூடாது. இது முதல்கட்டத்துக்குத்தான். 9 சதவீதத்துக்கும் 6 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் பல்லுக்குத் தெரியாது, அதற்கு விதைநுட்பம் சொன்ன காட்டிதான்.

வண்டு வெளியே இருந்து வரவில்லை. பயறு வண்டு தோட்டத்திலேயே நெற்றின் மேலும் பயறின் மேலும் முட்டை இடும். புழு பயறுக்குள்ளேயே வளரும், வெளியே வரும்போதுதான் வட்டத் துளை தெரியும். அப்போது டப்பாவை எவ்வளவு இறுக்கினாலும் என்ன? உற்றுப் பார், பயறின் மேல் ஒட்டிய வெள்ளைப் புள்ளி இருக்கும், அது முட்டை. வசம்புத்தூள் கிலோவுக்கு 10 கிராம் கலப்பது நல்ல வழி. சாம்பலும் வேலை செய்யும், பயறுக்கு இடையில் உள்ள சந்தை அடைத்து வண்டை நடமாட விடாது. விளக்கெண்ணெய் கிலோவுக்கு 5 மி.லி. பூசுவதும் உண்டு, ஆனால் அது அடுத்த பட்டத்துக்கான விதைக்கும் சமையல் பயறுக்கும்தான். 5 வருஷம் வைக்கும் விதையில் எண்ணெய் சிக்குப் பிடித்துவிடும்.

விதைநுட்பம்:

அக்கா சொன்ன வெள்ளைப் புள்ளி விஷயம் மிகச் சரி. சின்ன அளவுக்கு இன்னொரு வழி: நன்றாக உலர்த்திய பயறை பாட்டிலில் மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம். முட்டை, புழு, வண்டு எல்லாம் செத்துவிடும். ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் வளர்ச்சி நிற்குமே தவிர சீக்கிரம் சாகாது. உலர்த்தாமல் ஃப்ரீசரில் வைத்தால் விதைக்குள் உள்ள தண்ணீர் பனிக்கட்டியாகி உயிரணுக்களைக் கிழித்துவிடும். வண்டோடு விதையும் போகும்.

சுரைக்குடுவை:

சேமிப்பு பற்றியே பேசுகிறோம். ஒரே மாடியில் 2 ரகச் சுரை என்றால் 5 வருஷம் கழித்து முளைப்பது எந்தச் சுரை என்பதையும் பார்க்க வேண்டும். தேனீ, அந்துப்பூச்சி எல்லாம் ரகம் பார்த்து உட்காராது. சான்று விதைக்குச் சுரை, பீர்க்கு வகைகளில் ரகத்துக்கு ரகம் 500 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். மாடியில் அது நடக்காது. கலப்பு நடந்த வருஷம் காயில் எதுவும் தெரியாது, அடுத்த தலைமுறையில்தான் தெரியும். சுரையும் பீர்க்கும் ஒன்றோடொன்று கலக்காது, பரங்கியும் சாம்பல் பூசணியும் கலக்காது. அந்தப் பயம் வேண்டாம். மிளகாயும் குடைமிளகாயும் கலக்கும்.

கையால் மகரந்தம் சேர்ப்பது சுலபம். சுரை மாலையில் விரியும் வெள்ளைப் பூ, பீர்க்கும் மாலைதான். பரங்கியும் பாகலும் காலையில். விரியப்போகிற மொட்டு நிறம் ஏறி நுனி லேசாகத் தளர்ந்திருக்கும். விரிவதற்குச் சில மணி நேரம் முன்பே அடியில் குட்டிப்பிஞ்சு உள்ள பெண் மொட்டையும், அதே ரகத்தின் வேறு கொடியிலிருந்து 2, 3 ஆண் மொட்டையும் நூலால் கட்டிவிடுங்கள். விரியும் வேளையில் ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, மகரந்தத் தண்டை பெண் பூவின் சூல்முடியில் எல்லாப் பக்கமும் தடவி, பெண் பூவை மறுபடி கட்டி, காம்பில் வண்ண நூல் கட்டி அடையாளம் வையுங்கள். மறுநாள் இதழ் வாடியதும் கட்டைத் தளர்த்தலாம். மழை நாளில் செய்தால் பிடிக்காது.

வெண்டைக்கு இவ்வளவு வேலை இல்லை. அதன் பூ தன்னிலேயே சூல்பிடிக்கும். முந்தின மாலை மொட்டின் நுனியைக் கட்டிவிட்டால் போதும். கத்தரி, மிளகாய்க் கிளைக்குக் கொசுவலைப் பை போட்டு, பூ விரிந்ததும் கிளையை லேசாகத் தட்டுங்கள்.

கசக்கும் சுரைக்காயைச் சமைக்கவும் கூடாது, அதன் விதையை வைக்கவும் கூடாது. கசப்புக்குக் காரணமான பொருள் வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

மாடிக்கொடி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று சந்தேகம். கரண்டு அடிக்கடி போனால் ஃபிரிட்ஜில் வைப்பதில் பயன் உண்டா? முளைப்புச் சோதனைக்கு 10 விதை போதுமா? கறிவேப்பிலைப் பழமும் நிறைய இருக்கிறது, அதையும் இப்படி உலர்த்தி வைக்கலாமா?

விதைநுட்பம்:

கரண்டு சில மணி நேரம் போவதால் உலர்ந்த விதைக்கு ஒன்றும் ஆகாது, பாட்டில் இறுக்கமாக இருக்கும்வரை. கெடுப்பது திறக்கும் முறை. குளிர்ந்த பாட்டிலை எடுத்த கையோடு திறந்தால் சென்னைக் காற்றின் ஈரம் விதை மேல் வியர்த்துப் படியும். முந்தின ராத்திரியே வெளியே எடுத்து வைத்து, காலையில் திறங்கள். ஒரு ரகத்தையே 4, 5 சின்ன பாட்டிலாகப் பிரித்து வைத்தால் ஒன்றைத் திறக்கும்போது மற்றவை தப்பிக்கும். கதவுத் தட்டில் சூடும் குளிரும் மாறிக்கொண்டே இருக்கும், உள் தட்டின் பின்பக்கம் வையுங்கள். 5 வருஷத்துக்கு ஃபிரிட்ஜ் போதும். ஃப்ரீசர் அதற்கும்மேல் வைப்பவர்களுக்கு. உலக மரபணு வங்கிகள் வைப்பதும் மைனஸ் 18இல்தான்.

10 விதையில் ஒன்று கூடக் குறையப் போனாலே 10 சதவீதம் மாறிவிடும். குறைந்தது 25, முடிந்தால் 50. ஈரத் துணியிலோ காகிதத் துண்டிலோ விதை விதையைத் தொடாமல் வைத்துச் சுருட்டி, தட்டிப் பார்த்தால் தண்ணீர் சொட்டாத ஈரத்தில் பையில் வையுங்கள். தட்டைப்பயறை 8 நாளில் எண்ணிவிடலாம். தக்காளி, கத்தரி, மிளகாய், சுரைக்கு 14 நாள், வெண்டைக்கு 21 நாள். மூன்றாம் நாளே மிளகாய் முளைக்கவில்லை என்று தூக்கிப் போடாதீர்கள். வேர் மட்டும் நீட்டி நிற்பதையும் முறுக்கிக்கொண்டதையும் முளைத்ததாக எண்ணக் கூடாது. சான்று விதைக்குக் குறைந்தபட்சம் தக்காளி, கத்தரி 70, வெண்டை 65, மிளகாய், சுரை 60 சதவீதம். அந்த எண்ணுக்குக் கிட்டே இறங்கும்போதே மறுபடி விதைக்கு விடுங்கள். 30க்கு வந்த பிறகு கூடுதலாக விதைத்துச் சரிக்கட்டலாம் என்பது சரிவராது, முளைக்கிற 30உம் சோகையாகத்தான் வரும்.

புதுசாக எடுத்த கத்தரி, கீரை விதைகளுக்குச் சில வாரம் உறக்கம் உண்டு. எடுத்த உடனே சோதித்து விதை கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

கொல்லைமேடு:

கறிவேப்பிலையை உலர்த்தினால் செத்துவிடும் தம்பி. மா, பலா, நாவல், கறிவேப்பிலை எல்லாம் ஈரத்தோடு உயிர் வைத்திருக்கும் ஜாதி; ஃபிரிட்ஜும் ஆகாது, ஜெல்லும் ஆகாது. கறுத்த பழத்தைப் பறித்து, சதையைக் கழுவி, அன்றைக்கே மணலும் மட்கிய எருவும் கலந்த பையில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றிவிடு. 3 வாரம் தாண்டினால் பெரும்பாலும் முளைக்காது.

விதைநுட்பம்:

இன்னொன்று விட்டுப்போச்சு. 6, 8 சதவீதத்துக்கு உலர்த்திய அவரை, தட்டைப்பயறை பாட்டிலிலிருந்து எடுத்து நேரே தண்ணீரில் ஊறவைத்தால் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து பருப்பு வெடிக்கும், முளை உடைந்து வரும். விதைப்பதற்கு 2 நாள் முன்பே தட்டில் பரப்பி, மூடாமல் வீட்டுக்குள் வையுங்கள். இதற்கு மட்டும் சென்னைக் காற்று உதவும். அதன்பிறகும் ஊறாமல் கல்லுப்போலக் கிடக்கும் அவரை, வெண்டை விதைகள் சில இருக்கும். உப்புத்தாளில் லேசாக ஒரு பக்கம் தேய்த்து, இளஞ்சூடான தண்ணீரில் ராத்திரி முழுக்கப் போட்டால் ஊறிவிடும். முளை இருக்கும் பக்கத்தைத் தேய்க்காதீர்கள்.